கொண்டை ஆலாவின் அலகு

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பழக்காரி பழுத்த தேசிக்காயையும் வெளிநாட்டுத் தோடம்பழத்தையும், எங்கள் வீட்டுப் பேச்சில் எலுமிச்சையையும் ஆரஞ்சையும், ஒரே பலகையில் பக்கம் பக்கமாகக் குவித்து வைத்திருந்தாள். கடற்பக்கத்து ஒழுங்கையால் வெயில் சரிந்து வந்து இரண்டின் மேலும் விழுந்தது. மஞ்சள் எங்கே முடிகிறது, தோடம்பழ நிறம் எங்கே தொடங்குகிறது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி மரம் மாதிரி நின்றேன். "நோனா, மொனவத ஓனே?" என்றாள் அவள், என்ன வேண்டும் என்று. எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நீ பக்கத்தில் நின்று, "பாரும், நான் அப்பவே சொன்னனான்" என்று என் முழங்கையில் இடிக்க வேண்டும் போலிருந்தது. அதைச் சிங்களத்தில் எப்படிக் கேட்பது? கால் கிலோ தேசிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கூடை கிடந்து காய்கிறது.

இந்த மடலை எழுத அந்தப் பழங்கள் மட்டும் காரணமில்லை. உன் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். நீ ஆஸ்பத்திரியில் கடுமையாகக் கிடக்கிற செய்தி கேட்டு அவன் ரொறொன்ரோவிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் உன் மூச்சு அடங்கியிருந்தது. செத்தவீட்டில் ஆட்கள் சூழ்ந்துகொண்டிருந்ததால் அவன் எதையும் கேட்கவில்லை. திரும்பிப் போன பிறகு ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, சாப்பிட்டீங்களா, மழையா என்று சுற்றிச் சுற்றி வந்தான். போன கிழமை நேரே கேட்டுவிட்டான். "அன்ரி, அம்மா கஷ்டப்படாமப் போனவவோ? எல்லாரும் நித்திரையில போன மாதிரிப் போனவ எண்டு சொல்லுகினம். நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. உன் வளர்ப்பு.

என் அண்ணனுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "நிம்மதியாப் போனாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, புண்ணியமாப் போகும். கடல் தாண்டி இருக்கிற பிள்ளைய ஏன் அழவைக்கிற?" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஒரு வார்த்தை. சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் அந்த வார்த்தையை எடுக்கப் போகும்போதெல்லாம் நீ குறுக்கே வந்து நிற்கிறாய். அதனால்தான் உன்னிடமே கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்த அந்தக் கப்பல் கந்தோரில் நாம் இருவரும் தட்டச்சுக்காரிகளாகச் சேர்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? நான் கொட்டாஞ்சேனை, துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகியும் வீட்டில் அந்தப் பேச்சுத்தான். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருந்தாய். முதல் நாளே என்னை "நீர்" என்று கூப்பிட்டாய். எங்கள் வீட்டில் நீர் என்றால் கோயில் நாடகத்தில் ராஜா மந்திரியை அதட்டும் சொல். யார் இவள், என்னை அதட்ட என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அது சமமானவர்களுக்குள் மரியாதையாகச் சொல்வது என்று விளங்கியபின்னும், பதிலுக்கு "நீ" என்று சொல்வதை நான் விடவில்லை. கடைசிவரை நீ எனக்கு நீதான், நான் உனக்கு நீர்தான்.

பறவை பார்க்கப் போனதும் ஒரு விபத்து மாதிரித்தான். கந்தோர் மேலாளர் ஒரு பறவைக் குழுவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு பஸ்ஸில் இரண்டு இடம் காலி என்றார், நாம் ஏறிவிட்டோம். அத்தனை பேரும் இங்கிலீஷ். ஒரு சின்னக் குருவிக்கு அவர்கள் சொன்ன உறுப்புகளைக் கேட்டால் யாருக்கோ ஒப்பரேஷன் செய்யப் போகிறார்கள் என்று தோன்றும். கண்ணுக்கு மேலே போகும் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு நீண்ட லத்தீன் பெயர். முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. நாம் பின் சீற்றில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பும் வழியில் நீ மெதுவாகச் சொன்னாய்: "இதுகள் எல்லாம் எங்களிட்டயும் இருக்குத்தானே. சீலைக் கடையில கேட்டா ஆயிரம் பேர் சொல்லுவாங்கள்."

அன்றிலிருந்து பறவைகளுக்கெல்லாம் நாம் சேலை கட்டிவிட்டோம். இறக்கையில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டை கரை. முதுகும் தோளும் சேர்ந்த இடம் சால்வை. கண்ணைச் சுற்றிய கோடு மை. மேலே போவது புருவம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை எடுத்துக்கொள்ளும் பளபளப்புக்குக் கூறைச்சேலை என்று நீ பெயர் வைத்தாய். ஆணுக்கு எப்படிக் கூறைச்சேலை என்று நான் கேட்டதற்கு, "பறவையளுக்குள்ள அவையள்தான் உடுத்திக் காட்டவேணும், எங்களுக்கு என்ன வந்தது" என்றாய். ஒன்றுக்கு மட்டும் புதிதாகப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. நிறமும் கோடும் எதுவுமே தெரியாத தூரத்தில், அது நிற்கிற நிலையையும் தலையைத் திருப்புகிற விதத்தையும் வைத்தே இன்னது என்று தெரிந்துவிடுமே, அது. குழுவில் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். நமக்கு நடையுடை பாவனை என்பது போதுமாயிருந்தது. அளவுக்குக் கொழும்பில் பஞ்சமில்லாத காகம். காகத்துக்குச் சின்னன், மைனாவுக்குப் பெரிசு. அதற்கு மேல் துல்லியம் நமக்குத் தேவைப்படவில்லை.

உன் சட்டம் ஒன்றுதான். பேர் கடைசி. நெற்றி, உச்சி, பிடரி, கண், அலகு, தொண்டை, சால்வை, இறக்கை, வயிறு, வாலடி, வால், கால். பிறகு நடை, பிறகு குரல். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பெயரைச் சொல்ல உத்தரவு. "பேரைச் சொன்னீரெண்டால் கண் வேலை செய்யிறதை நிப்பாட்டிப்போடும்" என்பாய். நான் அவசரக்காரி. எனக்கு இது பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. பெல்லன்வில சதுப்பில் ஒருநாள் நாணலுக்குள் பார்த்த மாத்திரத்தில் "குருகு!" என்று கத்தினேன். கழுத்தில் கோடு தெரிகிறது என்றேன், அலகை மேலே தூக்கி நிற்கிறது என்றேன், கண்கூட மஞ்சளாகத் தெரிந்தது எனக்கு. நீ செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் போய் அதைத் தூக்கிக் காட்டினாய். தென்னமட்டை. அதற்குப் பிறகு எத்தனை வருஷம், நான் எதையாவது அடித்துச் சொன்னால் நீ, "தென்னமட்டைக்குக் கண் மஞ்சளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்! என் கல்யாண வீட்டில்கூட, மாப்பிள்ளை எப்படி என்று நான் கேட்டபோது, "தலையில இருந்து சொல்லும் பாப்பம்" என்றவள்தானே நீ.

யுத்த வருஷங்களில் நாம் பைனாகுலரை வெளியே எடுப்பதில்லை. இரண்டு பேரும் காசு போட்டு ஒரு கப்பற்காரரிடம் வாங்கியது, கொட்டாஞ்சேனையில் எங்கள் அரிசி வாளிக்குள் கிடந்தது. தமிழ்ப் பெண்கள் இருவர் கையில் அதை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தால் யார் நம்புவார்கள், கொக்குப் பார்க்கிறோம் என்று? பிறகு அண்ணன் பயந்து அதை எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். நீ கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "கண் இருக்குத்தானே. வாயும் இருக்கு" என்றாய். அதன் பிறகுதான் நாம் உண்மையாகப் பார்க்கத் தொடங்கினோம் என்று எனக்குத் தோன்றும். கண்ணாடி இல்லாததால், நீ கண்டதை எனக்கும் நான் கண்டதை உனக்கும் சொல்லிச் சொல்லியே ஒரு பறவையை முழுதாக்க வேண்டியிருந்தது.

வேலை முடிந்து நான் உன்னோடு வெள்ளவத்தைக்கு வருவேன். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். கரைக் கல்லில் குந்தியிருந்து, அலைக்குள் தலைநீட்டும் பாறையைப் பார்ப்போம். ஒரு பின்னேரம் பாறையில் ஒரே ஒரு கொண்டை ஆலா. ஆலா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: கடற்காகத்தின் மெலிந்த உறவு, வெள்ளை வயிறும் பிளந்த வாலும். கொண்டை வைத்ததில் நம் கரைக்கு வருவது இரண்டு சாதி, பெரியதும் சின்னதும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குழந்தையும் சொல்லும். தனியே நின்றால் அலகைப் பார்க்க வேண்டும். பெரியதற்கு அலகு தேசிக்காய், சின்னதற்குத் தோடம்பழம். ஒரு காகமாவது அருகில் வந்து உட்கார்ந்திருந்தால் அளவு பிடித்திருப்போம். கொழும்புக் காகம் ஒன்றுக்கும் அன்று கடல் ஞாபகம் வரவில்லை. வெயிலோ சரிந்துகொண்டிருந்தது.

"தோடம்பழம். சின்னதுதான்" என்றேன் நான்.

"தேசிக்காய். நிக்கிற நிலையைப் பாரும், பெரிய ஆளின்ர நிலை" என்றாய் நீ.

"உனக்குக் கண் டாக்டர்தான் பார்க்கணும்."

"உமக்கு முதலே பாத்திருக்கவேணும், தென்னமட்டை."

கையை நீட்டி நீட்டிச் சண்டை பிடித்தோம். பாறைக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கடற்படைப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. கவனித்தது தண்டவாளத்தில் காவலுக்கு நின்ற இரண்டு பொலிஸ்காரர். நம் கை படகைக் காட்டுகிறது என்று அவர்களுக்குத் தோன்றியதில் என்ன பிழை? எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். சற்று நேரத்தில் ஜீப்பில் இருந்தோம்.

பொலிஸில் நம்மைத் தனித்தனி அறையில் இருத்தினார்கள். எனக்கு என்னைப் பற்றிப் பெரிய பயமில்லை. என் அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம், பேசும் சிங்களம் கடைச் சிங்களம், அண்ணனுக்குப் புறக்கோட்டையில் நாலு பேரைத் தெரியும். உன் அட்டையில் யாழ்ப்பாணம். அந்த மாதம்தான் உன் ஒழுங்கையிலிருந்து ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், இன்னும் விடவில்லை. உன் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் சீருடையோடு உட்கார்ந்திருப்பான். அப்பா இல்லாத பிள்ளை. உன்னை அங்கே ஓர் இரவு வைத்துக்கொண்டால்? ஓர் இரவு என்பது எத்தனை நாளாகும் என்று அந்த நாட்களில் யாரால் சொல்ல முடிந்தது?

இன்ஸ்பெக்டருக்கு நம் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி, களைத்த முகம். பாறையில் என்ன பார்த்தீர்கள் என்றார். பறவை என்றேன். என்ன பறவை? கொண்டை உள்ள கடற்பறவை, அதில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று இருக்கிறது. நீ பார்த்தது எது?

அங்கேதான் நான் யோசித்தேன். நீ பிடிவாதக்காரி. துவக்கை நெற்றியில் வைத்தாலும் பெரியது என்பதை மாற்றமாட்டாய். நான் சின்னது என்றால் இரண்டு பேச்சு வேறு வேறாகும். இரண்டும் வேறாகினால் யாழ்ப்பாணத்து அட்டைக்காரிதான் மாட்டுவாள். என் கண் கண்டது எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று, "பெரியது" என்றேன்.

அவர் எழுந்து உன் அறைக்குப் போனார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, "உன் சிநேகிதி சின்னது என்கிறாளே?" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அடி பாவி, இங்கேயுமா எனக்கு எதிராகச் சொல்லுவாய் என்று. பிறகுதான் உறைத்தது. சின்னது என்பது என் சொல். நான் உன்னைக் காப்பாற்ற உன் பறவையைச் சொல்லியிருக்கிறேன், நீ என்னோடு ஒத்துப்போக என் பறவையைச் சொல்லியிருக்கிறாய். வாழ்க்கையில் ஒருதரம் விட்டுக்கொடுத்தோம், அதுவும் ஒரே நேரத்தில் கொடுத்துத் தொலைத்தோம். இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"சரி, பெயர் வேண்டாம். எப்படி இருந்தது, சொல்" என்றார்.

நான் தொடங்கினேன். வேறு வரிசை எனக்குத் தெரியாது. நெற்றி வெள்ளை. உச்சியில் வெள்ளையும் கறுப்பும் கலந்து. பிடரியில் கறுப்புக் கொண்டை, எண்ணெய் வைக்காத தலை மாதிரிச் சிலிர்த்து நின்றது. அலகு என்று வந்ததும் நின்றேன். பெரியது என்று சொன்னவள் தேசிக்காய் என்றுதானே சொல்ல வேண்டும்? சிங்களத்தில் சுலபமான சொல், தெஹி. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கண்ணுக்குள் அந்த அலகு நிற்கிறதே! "தொடம்" என்றேன். தோடம்பழம்.

"பெரியதற்கும் சின்னதற்கும் என்ன வித்தியாசம்?"

"அலகு, சேர். பெரியதற்குத் தெஹி, சின்னதற்குத் தொடம்."

"அப்படியென்றால் உன்னுடைய பெரியதற்கு ஏன் தொடம்?"

அவர் மறுபடி போனார். இந்த முறை உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். உன் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். "இவள் சொல்கிறாள், பறவை சின்னது, அலகு தெஹி என்று. நெற்றியிலிருந்து கால் வரை நீங்கள் இரண்டு பேரும் சொல்வது ஒன்று. கொண்டைகூட ஒன்று. அலகில் மட்டும் இரண்டு பேரும் சொன்ன பெயருக்கு நேர்மாறாகச் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பைத்தியமா, எனக்குப் பைத்தியமா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் சண்டை பிடித்ததை, நீ பெரியது என்றதை, நான் சின்னது என்றதை, இங்கே வந்து ஒருவருக்காக ஒருவர் மாற்றிச் சொன்னதை. உன் கந்தோர்ச் சிங்களம் எவ்வளவைப் பிடித்ததோ தெரியாது, பாதியில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் உன்னிடம் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய் சொல்ல வருகிறவர்கள் வீட்டிலேயே பேசிவைத்து ஒன்றாகக் கொண்டுவருவார்கள்" என்றார். "நீங்கள் பெயரில் பொய் சொல்லிவிட்டு அலகில் அகப்பட்டுக்கொண்டீர்கள். சரி, இப்போது சொல்லுங்கள், உண்மையில் அது என்ன நிறம்?"

"தொடம்" என்றேன். "தெஹி" என்றாய். ஒரே மூச்சில். வாசலில் நின்ற பெண் கொன்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போங்கள், நிலைமை சீராகும்வரை அந்தப் பக்கம் வந்து குந்த வேண்டாம் என்றார். அந்த நாட்களில் எல்லோருக்கும் அப்படி ஒரு மனிதர் கிடைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். உன் ஒழுங்கைப் பெடியனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கதையை நாம் யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை.

ஓட்டோவில் வீடு திரும்பினோம். உன் வாசலில் இறங்கும்போது, "நீர் ஏன் பெரிசு எண்டனீர்?" என்று கேட்டாய்.

"நீ ஏன் சின்னதுன்னு சொன்ன?"

"நீர் விட்டுக்குடுக்க மாட்டீரெண்டு நினைச்சன்."

"அப்போ அலகையும் மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"தோடம்பழம் எண்டு வாயில வரேல்லையப்பா. நான் அப்பிடிக் காணேல்லைத்தானே."

பேரை மாற்றிச் சொல்ல முடிந்தது. கண்டதை மாற்றிச் சொல்ல இருவராலும் முடியவில்லை. நீ உள்ளே ஓடினாய், மகன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு. நான் அந்த ஓட்டோவிலேயே கொட்டாஞ்சேனை வரை அழுதுகொண்டு போனேன். ஓட்டோக்காரர் என்னவோ செத்தவீடு என்று நினைத்து மீதிச் சில்லறையை மெதுவாகக் கையில் வைத்தார். உண்மையில் எனக்குச் சந்தோஷம். அவ்வளவு வருஷம் என்னோடு மல்லுக்கு நின்ற ஒருத்தி எனக்காகத் தன் பறவையை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்ற சந்தோஷம். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "அதை விடும், அலகு தேசிக்காய்தான்" என்றிருப்பாய்.

யுத்தம் முடிந்து, நான் உன் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்து, புதுப் பைனாகுலரும் வாங்கி, இரண்டு சாதியையும் ஒரே பாறையில் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அப்போதும் அன்றைய பறவை எது என்று தீரவில்லை. "அது வேற நாள், வேற வெயில்" என்றாய். சரிதான். அந்த ஒன்றை மட்டும் நாம் பெயரில்லாமலே விட்டோம்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இவ்வளவு சுற்றியதும் அதற்குத்தான்.

அந்தப் பின்னேரம் நீ நித்திரையில் போகவில்லை. எனக்குத் தெரியும், நான்தான் கட்டிலருகில் இருந்தேன். நீ பயந்தாய். மகன் வந்துவிட்டானா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஏறிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்றேன், அது உண்மை. பிறகு உன் மூச்சு மாறத் தொடங்கியது. நான் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். "ஒண்ணுமில்ல, காலையில சரியாயிடும்." நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அவ்வளவு பலம் உன்னிடம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தென்னமட்டையைத் தூக்கிக் காட்டிய அன்று இருந்த அதே எரிச்சல் முகத்தில்.

"பேர் வையாதையும்" என்றாய். "கண்டதைச் சொல்லும்."

சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது. "நெத்தியில வேர்வை. கண் கலங்கியிருக்கு, ஆனா என்னைத்தான் பார்க்குது. உதடு நீலம். மூச்சு விட்டு விட்டு வருது, நடுவுல நிக்குது. நகம் நீலமாகுது. கால் சில்லுன்னு இருக்கு, முழங்கால் வரைக்கும்." வரிசை தவறவில்லை. நீ கேட்டுக்கொண்டே கிடந்தாய். முடித்ததும் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "ஓம். எனக்கும் அப்பிடித்தான் தெரியுது" என்றாய். பிடி தளர்ந்தது. கையை விடவில்லை. அதற்குப் பிறகு மகனைக் கேட்கவில்லை, ஒன்றும் பேசவில்லை.

இதைத்தான் உன் மகனிடம் சொல்ல எனக்கு வாய் வராமலிருந்தது.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு எழுந்து போய் நானே அவனுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியற்காலை. நித்திரைக் குரலில் என்ன அன்ரி என்றான். "உங்க அம்மா நித்திரையில போகல, மகன்" என்றேன். உன் சட்டத்தில் வளர்ந்த பிள்ளை, "நெத்தியில இருந்து சொல்லுங்கோ" என்றான்.

சொன்னேன். உனக்குச் சொன்ன அதே வரிசையில், எதையும் கூட்டாமல், குறைக்காமல். நடுவில் அவன் அழுதான், நான் நிறுத்தினேன். நிறுத்த வேண்டாம் என்றான். பயந்தவவோ என்று கேட்டான். "பயந்தா. உன்னைக் கேட்டா. பிறகு நான் சொன்னதைக் கேட்டுட்டு, தனக்கும் அப்படித்தான் தெரியுதுன்னு சொன்னா. அப்புறம் பிடி தளர்ந்துச்சு, கையை மட்டும் விடல." கால் வரை சொல்லி முடித்தேன். இதற்கெல்லாம் என்ன பெயர், நிம்மதியா கஷ்டமா என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

நீ என்னிடம் விட்டுப்போனது இந்த வரிசை ஒன்றுதான். வேறு எதையும் வைத்துக்கொண்டு நான் அன்று உன் பக்கத்தில் இருந்திருக்க முடியாது, இன்று அவனுக்குப் பதில் சொல்லியிருக்கவும் முடியாது.

போனை வைக்கும் முன் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "செத்தவீட்டில பெட்டிக்குள்ள பாத்தது அம்மா மாதிரியே இல்லை, அன்ரி. இப்பத்தான் நான் அம்மாவைக் கண்டனான்."